சென்சாருக்குச் சந்தனக் காப்பு

“ராஜாவோட காருக்கு இன்னிக்கும் இருமலாம்டி!”

அரண்மனை வாசலில் பூக்காரி யாரிடமோ சொன்னது காதில் விழுந்ததும் செங்கமலம் நடையை எட்டிப் போட்டாள். அந்தக் காரின் மெக்கானிக் அவள்தான்.

கரும்பும் கார்களும் சேர்ந்தே செழித்த ஒரு காலத்தில், கன்னல்பாடி நாட்டை இடும்பமாறன் என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். ஓரிடத்தில் உட்காரமாட்டான். அவனுடைய கார் பெட்ரோலிலும் ஓடும், கரும்புச் சாராயத்திலும் ஓடும், இரண்டையும் எப்படிக் கலந்தாலும் ஓடும். கலவையில் சாராயம் எவ்வளவு என்று இன்ஜினுக்குச் சொல்ல ஒரு சென்சார் உண்டு.

செங்கமலம் உள்ளே போனபோது மன்னன் காரைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான்.

“பத்துக்கு எட்டுப் பங்கு சாராயம் ஊற்றச் சொன்னேன். மீட்டர் ஒரு பங்கு என்கிறது. மீதி எங்கே?”

“மெக்கானிக் அம்மாள் வீட்டு விருந்துக்குப் போயிருக்கும், அரசே,” என்றார் மந்திரி மல்லையா. அந்த வேலையில் தன் மைத்துனனை வைக்கக் காத்திருந்தவர் அவர்.

மன்னன் செங்கமலத்தின் பக்கம் திரும்பினான். “இன்றைய ஊர்வலத்துக்கு முரசு ஒலிப்பதற்குள் காரணம் சொல். இல்லையேல் நாட்டைவிட்டே போ!”

முரசுக்காரன் குச்சியை எடுத்துவிட்டான். செங்கமலம் ஒரு கண்ணாடிக் குழாயில் பத்துக் கோடு தண்ணீரும், டாங்கிலிருந்து பத்துக் கோடு எரிபொருளும் ஊற்றிக் குலுக்கினாள்.

“சாராயம் தண்ணீரோடு சேரும், பெட்ரோல் சேராது, அரசே. பாருங்கள், அடியில் தண்ணீர் பதினெட்டுக்கு ஏறிவிட்டது. எட்டுப் பங்கும் பத்திரம். சாராயத்துக்கு இன்ஜின் கூடுதலாகக் குடிக்கவேண்டும். சென்சார் ஒன்று என்று சொல்வதால் அரைப்பட்டினி கிடந்து இருமுகிறது.”

“சென்சார் ஏன் பொய் சொல்கிறது?”

பானெட்டுக்குள் குனிந்தவளுக்கு ஒரு வாசம் வந்தது. மெல்ல நிமிர்ந்தாள்.

“யாரோ இந்தக் காருக்கு மிகுந்த பக்தியோடு ஆயுத பூஜை செய்திருக்கிறார்கள், அரசே. யாரென்று தெரிந்தால்...”

“அடியேன்தான்!” மல்லையா முன்னால் வந்து நின்றார். “பதினோரு குடம் மஞ்சள் நீர் அபிஷேகம்! இன்ஜினுக்குள் மூலைமுடுக்கெல்லாம் சந்தனக் காப்பு! என் கையாலேயே!”

செங்கமலம் சென்சாரின் பிளக்கை உருவி மன்னனிடம் நீட்டினாள். பச்சை பிடித்த கம்பிமுனைகளுக்கு நடுவே சந்தனம் கட்டியாகக் காய்ந்து, சென்சாரின் சேதியை மறித்திருந்தது. அதைப் பிரஷால் சுரண்டித் துடைத்து மாட்டினாள். மீட்டர் எட்டுக்குத் தாவியது. கார் ஓர் இருமல்கூட இல்லாமல் உறுமியது.

மன்னன் தன் முத்துமாலையைக் கழற்றி அவள் கையில் வைத்தான்.

“மல்லையா, கொட்டகையில் இருக்கும் மற்ற பதினான்கு கார்களுக்கும் பூஜை செய்தீரா?”

“செய்... செய்தேன், அரசே.”

“உம் கையாலேயே?”

முரசு ஒலித்தது. மல்லையா பட்டு அங்கவஸ்திரத்தைக் கழற்றி மடித்து வைத்தார். செங்கமலத்திடம் பிரஷை வாங்கிக்கொண்டு கொட்டகையை நோக்கி நடந்தார்.