பாடத்தைப் பாதியில் விட்டவர்

மருதவேலி நாட்டை ஆண்ட உதயசேன மகாராஜா நல்ல மனுஷர்தான். ஆனால் மத்தியானச் சாப்பாடு முடிந்து கண் சொக்குகிற நேரத்தில் யார் எந்த ஓலையை நீட்டினாலும் முத்திரை வைத்துவிடுவார். அரசாங்கக் கலாசாலையின் தலைவர் பெரும்பண்டிதர் நன்னெறியாருக்கு இந்த ரகசியம் நன்றாகத் தெரியும். அவரும் ஒரு மத்தியானம் ஓர் ஓலையோடு போய் நின்றார்.

பண்டிதருக்கு ஒரு மனக்குறை. தேர்த் திருவிழா வந்துவிட்டால் மாணவர்கள் பாடத்தின் நடுவிலேயே நழுவிவிடுகிறார்கள். அதற்காக அவர் எழுதிக்கொண்டு போன ஆணை இது: 'கலாசாலைப் பாடத்தைப் பாதியில் விட்டுப் போகிறவர் எவராயினும், காரணம் எதுவாயினும், திரும்பி வந்தால் அரிசியில் அ எழுதுவதிலிருந்து தொடங்க வேண்டும்.'

முத்திரை விழுந்தது. தேர் பார்க்கப் போன பயல்கள் அடங்கினார்கள். ஆனால் மாட்டிக்கொண்டது செங்கமலம்.

செங்கமலம் புன்னைத்துறைக்காரி, வயது முப்பத்தாறு. வைத்தியப் படிப்பின் கடைசி வருஷத்தில் அவளுடைய அப்பா பக்கவாதத்தில் விழுந்துவிட்டார். பன்னிரண்டு வருஷம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். அவர் கண்மூடிய பிறகு, விட்ட படிப்பை முடிக்கலாம் என்று வந்தாள். நன்னெறியார் ஐந்து வயதுக் குழந்தைகளின் வகுப்பைக் கைகாட்டி, "அங்கே போய் உட்காரம்மா" என்றார். அவள் உட்காரவில்லை. நேரே ராஜசபைக்கு வந்துவிட்டாள்.

"மகாராஜா, மறுபடியும் அனா ஆவன்னாவிலேருந்து ஆரம்பிச்சா பதினாறு வருஷம் ஆகும். எங்க ஊர்ல வைத்தியரே இல்லை. போன ஐப்பசியில காய்ச்சல் வந்து மூணு புள்ளைங்க போயிடுச்சு. என்ன மருந்துன்னு எனக்குத் தெரியும். பட்டயம் இல்லாதவ கொடுத்தா குத்தம்னு சட்டம். கையைக் கட்டிக்கிட்டு நின்னேன்."

சொல்லும்போது அவள் அழவில்லை. கேட்டுக்கொண்டிருந்த சேனாதிபதிதான் மூக்கை உறிஞ்சினார்.

"எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது" என்றார் ராஜா. "ஆனால் வைத்த முத்திரையை எடுத்த வழக்கம் எங்கள் வம்சத்தில் இல்லையே!"

அந்தச் சபையில் அம்பலவாணன் என்று ஒரு மதியூகி இருந்தான். வாய்த்துடுக்கு உண்டு, ஆனால் மனசு நல்லது. அவன் எழுந்தான். "முத்திரை பாட்டுக்கு இருக்கட்டும் மகாராஜா. நாளைக் காலையில் பண்டிதரை இங்கே வரவழைக்க மட்டும் எனக்கு அனுமதி கொடுங்கள்."

மறுநாள் காலை நன்னெறியார் நாடி பார்க்கும் முறையைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வாத நாடி முடிந்து பித்த நாடிக்கு வந்திருந்தார். சரியாக அந்த நேரம் பார்த்துச் சேவகன் ஒருவன் வந்து, "மகாராஜா கையோடு கூட்டி வரச் சொன்னார்" என்றான். பண்டிதர் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தைக்கூட முடிக்கவில்லை. மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு ஓடோடி வந்தார்.

அம்பலவாணன் அவரை வணங்கி உட்கார வைத்தான்.

"ஐயா, தங்கள் ஆணையில் யாருக்காவது விலக்கு உண்டா?"

"கிடையாது. எவராயினும் என்றுதானே எழுதியிருக்கிறேன்?"

"நியாயமான காரணம் இருந்தால்?"

"காரணம் எதுவாயினும்! படித்துப் பாரும்."

"படித்தேன் ஐயா. இப்போது தாங்கள் வந்தபோது பாடம் முடிந்திருந்ததா?"

"எங்கே முடிந்தது? பாதியில் விட்டுவிட்டல்லவா ஓடி..."

பண்டிதரின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"கலாசாலை வாசலில் தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி வைக்கச் சொல்லிவிட்டேன்" என்றான் அம்பலவாணன் மிகவும் பணிவாக. "பக்கத்தில் உட்காரப் போவது பொம்மி என்கிற பெண்குழந்தை. கொஞ்சம் கிள்ளுவாள். மற்றபடி நல்ல பிள்ளை."

நன்னெறியாருக்கு வேர்த்துவிட்டது. ஆனால் படித்த மூளை, சும்மா இருக்குமா? சட்டென்று நிமிர்ந்தார்.

"அ-விலிருந்து தொடங்க வேண்டும் என்றுதான் ஆணை. எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று அதில் இல்லையே! அரிசியில் அ எழுதுகிறேன். பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் கேள்வி கேட்கட்டும். தெரிந்ததைச் சொல்லிக்கொண்டே மேலே போகிறேன். சாயங்காலத்துக்குள் என் இடத்துக்குப் போய்விடுவேன். தெரிந்ததையே திரும்பப் படிக்க நான் என்ன முட்டாளா?"

"அவளும் முட்டாள் இல்லையே, ஐயா" என்று சபை ஓரத்தில் நின்றிருந்த செங்கமலத்தைக் காட்டினான் அம்பலவாணன்.

பண்டிதர் செங்கமலத்தைப் பார்த்தார். நிஜமாகவே வெட்கப்பட்டார். கோபக்காரரே தவிர, அவர் கெட்டவர் இல்லை.

அன்றைக்கே இருவரும் வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அரிசியில் அ எழுதினார்கள். பண்டிதருடைய அ கோணலாக இருக்கிறது என்று பொம்மி சொன்னாள். பிறகு வகுப்பு வகுப்பாகக் கேள்விகள். நாடி சாஸ்திரத்தில் செங்கமலம் சொன்ன ஒரு பதிலைப் பண்டிதர் தம் ஏட்டில் குறித்துக்கொண்டார். பன்னிரண்டு வருஷம் ஒரு நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு ஏட்டில் இல்லாததும் தெரிந்திருந்தது. விளக்கு வைப்பதற்குள் தான் விட்ட கடைசி வருஷத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

பங்குனியில் படிப்பு முடிந்தது. ராஜா தம் கையாலேயே பட்டயம் கொடுத்தார். "வர்ற ஐப்பசிக்கு நான் ஊர்ல இருப்பேன் மகாராஜா" என்றபோதுதான் செங்கமலம் அழுதாள்.

அவள் போனதும் ராஜா, "அம்பலவாணா, உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள்!" என்றார்.

"பாதியில் படிப்பை விட்டவர்கள் நாட்டில் இன்னும் நிறையப் பேர் மகாராஜா. எல்லோரையும் கலாசாலையில் சேர்க்க உத்தரவு வேண்டும்."

"தந்தேன்! யாரை முதலில் சேர்க்கப் போகிறாய்?"

"பதினாறு வயதில் பட்டம் கட்டிக்கொள்வதற்காக இலக்கணப் பாடத்தின் நடுவில் எழுந்து வந்த ஒருவரை."

ராஜா அக்கம்பக்கம் பார்த்தார். சபையே அவரைப் பார்த்தது. ஒரு கணம் முறைத்தவர், அடுத்த கணம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சரி, வருகிறேன். கிரீடத்தைக் கழற்றிவிட்டு வர வேண்டுமோ?"

"வேண்டாம் மகாராஜா. கடைசி வரிசையில் உட்கார்ந்தால் போதும். மற்றவர்களுக்கு மறைக்காது."