சிவப்புக் காருக்கு ரப்பர் மாட்டிய மூவர்

கொட்டாம்புதூர்க்காரர்களைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் கூட்டிச் சொல்கிறேன் என்கிறார்கள். உண்மையில் பாதியை விழுங்கிவிட்டுத்தான் சொல்கிறேன். முழுதும் சொன்னால் என்னையும் அந்த ஊர்க்காரன் என்று நினைத்துவிடுவீர்கள்.

அங்கே மெயின் ரோட்டில் சென்னியப்பன் என்பவரின் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. அவருடைய மச்சான்கள் மாரப்பனும் நாச்சிமுத்துவும் கூட இருந்து வேலை பார்க்கிறார்கள். இருபது வருஷம் பஞ்சர் மட்டுமே ஒட்டியவர்கள். டியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வரும் இடத்தைப் பார்த்து ஒட்டுவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த தைரியத்தில் போன வருஷம் போர்டில் ‘எல்லா கார் வேலையும் செய்யப்படும்’ என்று எழுதிவைத்துவிட்டார்கள்.

அந்த போர்டை நம்பி வந்தவர் பல் டாக்டர் தெய்வசிகாமணி. அவரிடம் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே சீட்டு. அவர் அப்பா வாங்கி ஓட்டியது. ஜில்லாவில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதன் பட்டியலில் முதல் பெயரே அப்பாவின் பெயர்தான். வருஷத்துக்கு ஒருமுறை எல்லாக் கார்களையும் மைதானத்தில் நிறுத்தி, பத்து நிமிஷம் குழாயில் தண்ணீர் அடித்துப் பார்ப்பார்கள். ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் சேர்ந்தால் கார் தோற்றது. டாக்டரின் கார் இரண்டு வருஷமாகத் தோற்றிருந்தது. மூன்றாவது முறையும் தோற்றால் பட்டியலில் பெயரை அடித்துவிடுவார்கள்.

“எங்கப்பா பேரை அடிச்சுட்டாங்கன்னா எனக்குத் தாங்காது” என்றார் டாக்டர். சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்கள் நல்ல மனிதர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஹெட்லைட் கண்ணாடியைச் சுற்றி மாட்டுகிற புது ரப்பர் சீல் இரண்டையும் கொடுத்து, செய்ய வேண்டியதை ஒரு தாளில் தமிழில் எழுதியும் கொடுத்துவிட்டு டாக்டர் போனார். “இதுல எழுதியிருக்கிறபடியே செய்யுங்க, சொந்த யோசனை வேண்டாம்” என்றும் சொன்னார். மூவரும் தாளைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார்கள்.

ரப்பர் இளகுவதற்காக அரை மணி நேரம் வெயிலில் வைக்கவும் என்று முதல் வரியில் இருந்தது. அதுவோ ஐப்பசி மாதம். நாலு நாளாகச் சூரியனையே காணோம். நாச்சிமுத்து தாராபுரத்தில் இருக்கிற தன் மாமனாருக்கு போன் போட்டு அங்கே வெயில் உண்டா என்று விசாரித்தான். சுள்ளென்று அடிக்கிறது என்றார் மாமனார். உடனே ரப்பரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான். தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் கடிகாரத்தைப் பார்த்து சரியாக அரை மணி நேரம் வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, சூடு இறங்கக் கூடாதே என்று மாமியாரின் சால்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினான். பஸ்ஸில் ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்து, குழந்தைக்குக் காய்ச்சலா என்று கேட்டாராம். இல்லீங்க, இனிமேல் ஆறிவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது என்றானாம் இவன். அந்த அம்மாள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.

அடுத்த வரி, கண்ணாடியில் கை படக் கூடாது. இதற்கு மாரப்பன் தரையில் மல்லாக்கப் படுத்து, இரண்டு பாதத்துக்கும் நடுவில் கண்ணாடியைப் பிடித்து ஹெட்லைட்டுக்கு நேரே தூக்கினான். நாச்சிமுத்து முழங்கையால் ரப்பரை உள்ளே தள்ளினான். கடைசி அழுத்தத்தைச் சென்னியப்பன் நெற்றியால் கொடுத்தார். இரண்டு ஹெட்லைட்டும் இப்படியே முடிந்தன. கண்ணாடியில் ஒரு விரல் ரேகை கிடையாது. கண்ணாடிக்கு மூன்று கோடாக விபூதிப் பட்டை மட்டும் இருந்தது.

கடைசி வரியில்தான் சிக்கல். தண்ணீர் புகவில்லை என்று உறுதிசெய்த பிறகே காரை மைதானத்துக்குக் கொண்டுவரவும் என்று எழுதியிருந்தது. மூவரும் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள்.

“தொட்டில முக்கிப் பாக்கோணும். வேற வழியில்ல” என்றார் சென்னியப்பன்.

“காரு தொட்டிக்குள்ள போகாதுங்க மாமா” என்றான் மாரப்பன். அளந்தும் காட்டினான்.

அப்புறம் நாச்சிமுத்து மெதுவாகச் சொன்னான். “லைட்டு தண்ணிக்குள்ள போகாதுன்னா என்னங்க மாமா, தண்ணி லைட்டுக்குள்ள போகட்டுமே. உள்ள ஊத்துன தண்ணி வெளிய வரலீன்னா, வெளிய இருக்கிற தண்ணி எப்படிங்க உள்ள வரும்?”

சென்னியப்பன் எழுந்து அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். இவன் அக்காவைக் கட்டியது வீண்போகவில்லை என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தோன்றியதாம்.

பல்புகளைக் கழற்றி, நனைந்துவிடாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். பல்பு இருந்த இடத்தையும், விளக்கின் அடியில் இருந்த சின்ன ஓட்டையையும் கார்க் வைத்து அடைத்தார்கள். மேலே வயர் போகிற துளையில் புனலை வைத்துத் தண்ணீரை நிறைத்தார்கள். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. ரப்பர் அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. வேலை நல்ல வேலைதான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் அலுங்காமல் மாரப்பன் காரை ஓட்டிவர, மற்ற இருவரும் பக்கத்திலேயே நடந்து வந்தார்கள். வழியில் ஒரு மாட்டுவண்டி அவர்களை முந்திக்கொண்டு போனது. மைதானத்தில் காத்திருந்த டாக்டர் ஓடிவந்து ஹெட்லைட்டைப் பார்த்தார். உள்ளே தண்ணீர் தளதளவென்று ஆடியது. நாச்சிமுத்து விளக்கம் சொல்லத் தொடங்கியபோது சோதனை அதிகாரி வந்துவிட்டார்.

அதிகாரி கருணைவேலு, ரிட்டையர்டு ஓவர்சியர். விதியில் உள்ளதற்கு மேலே ஒரு எழுத்தும் பார்க்காதவர். அவருடைய அம்மா கொட்டாம்புதூர் என்பது டாக்டருக்குத் தெரியாது. ஓவர்சியர் குனிந்து பார்த்தார். மெழுகுப் பென்சிலை எடுத்து, இரண்டு கண்ணாடியிலும் தண்ணீர் நிற்கிற மட்டத்தில் ஒரு கோடு போட்டார். பத்து நிமிஷம் குழாயில் அடிக்கச் சொன்னார். மறுபடி குனிந்து கோட்டைப் பார்த்தார்.

“புதுசாத் தண்ணி சேரல. கார் பாஸ்” என்று சொல்லிவிட்டு, சீட்டு எழுத மேஜைக்குப் போனார்.

டாக்டருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. முதலில் அந்தத் தண்ணீரை ஒழிக்க வேண்டும் என்று, அடியில் இருந்த கார்க் இரண்டையும் தன் கையாலேயே பிடுங்கினார். அவர் பூட்ஸ் நனைந்தது. ஹெட்லைட் காலியாகிப் பளிச்சென்று இருந்தது. சென்னியப்பனும் மச்சான்களும் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

சீட்டோடு திரும்பிவந்த ஓவர்சியர் கையெழுத்துப் போடும் முன் காரை இன்னொரு தடவை பார்த்தார். பேனா நின்றுவிட்டது.

“என்னங்க டாக்டர், இப்பத்தான் கோடு வரைக்கும் இருந்துச்சு. இப்ப ஒரு சொட்டு இல்ல. ஒழுகுதுங்களே.”

“ஒழுகலீங்க. நான்தான் திறந்து விட்டேன்” என்றார் டாக்டர்.

“யாரு விட்டா என்னங்க. வெளிய போக வழி இருந்தா உள்ள வரவும் வழி இருக்குமில்ல?”

சென்னியப்பன் மிகுந்த மரியாதையோடு தலையாட்டினார். இதையேதான் மச்சானும் சொன்னான் என்றார். டாக்டர் மறுபடி மறுபடி எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அதிகாரி சீட்டை மடித்து, பட்டியல் நோட்டைத் திறந்தார். முதல் பக்கம், முதல் வரி. அப்பாவின் பெயர் டாக்டரின் கண்ணில் பட்டது.

உடனே டாக்டர் கார்க்குகளைத் தரையில் தேடி எடுத்து அடைத்தார். குடிதண்ணீர்ப் பந்தலுக்கு ஓடிப்போய் ஒரு குடம் நிறையத் தூக்கிக்கொண்டு வந்தார். மாரப்பன் புனலைப் பிடிக்க, டம்ளர் டம்ளராக ஊற்றினார். ஒரு பக்கம் நிறைந்ததும் அடுத்த பக்கம். சுற்றிலும் கார்க்காரர்கள் கூடி வேடிக்கை பார்த்தார்கள். டாக்டர் யாரையும் கவனிக்கவில்லை. முட்டி போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சில் கோட்டை இப்படியும் அப்படியும் பார்த்தார். ஓவர்சியர் மடித்த சீட்டைப் பிரித்துப் பேனாவை எடுத்தார்.

“சார், கொஞ்சம் பொறுங்க, இப்பக் கையெழுத்துப் போடாதீங்க” என்றார் ஓவர்சியரிடம். பிறகு திரும்பி, “மாரப்பா, இந்தப் பக்கம் இன்னும் அரை டம்ளர் பிடிக்கும், ஊத்து” என்றார்.