சிங்காரனும் நெருப்பு மலையும்

நெருப்பு மலையின் அடிவாரக் குளத்தில் சேறுகூடக் காய்ந்துவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் வற்றாத ஏரி ஒன்று இருந்தது. ஆனால் நடுவழியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. விடியலில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர வேண்டும்.

"நான் கூட்டிட்டுப் போறேன்! இந்த மலை எனக்கு அத்துப்படி!" என்றது சிங்காரன் என்ற வரையாடு.

சிங்காரன் மலையைக் கடந்தது ஒரே ஒரு தடவை. அதுவும் மூன்று கோடைக்கு முன்பு. அதைச் சொல்லிச் சொல்லியே காட்டில் பெரிய ஆளாகிவிட்டது. அதற்குப் பிறகு மலை இரண்டு முறை வெடித்தது. வழி மாறியிருக்குமோ என்று யாரும் கேட்கவில்லை. சிங்காரனும் வாயைத் திறக்கவில்லை.

முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளோடு பின்னால் வந்தது. ஆமைக்குத் தன் நடை தெரியும். அதனால் முந்தின நாளே கிளம்பிப் போய் உச்சியில் காத்திருந்தது.

உச்சியை அடைந்ததும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கீழே மலையின் வயிறு திறந்து கிடந்தது. உள்ளே பாறை வெல்லப்பாகு போலக் கொதித்துப் புரண்டது. மலை மூச்சு விடும்போதெல்லாம் காலடி நிலமும் லேசாக ஏறி இறங்கியது.

"அம்மா, கல்லே உருகுது!" என்று ஒரு குட்டி கிசுகிசுத்தது.

சிங்காரனுக்கு மேனி சிலிர்த்தது. போன தடவை பயந்துபோய்த் தலையைக் குனிந்துகொண்டே ஓடியதால், இதையெல்லாம் அது பார்த்ததே இல்லை. எவ்வளவு பெரியது இந்த மலை!

"சிங்காரண்ணே, இனி எந்தப் பக்கம்?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

சிங்காரன் தனக்கு அடையாளமாக இருந்த அத்தி மரத்தைத் தேடியது. மரமும் இல்லை, புல்சரிவும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கரும்பாறைதான். தெரியாது என்று சொன்னால் மானம் போய்விடுமே!

"நேரா போங்க!" என்றது.

"அண்ணன் சொன்னா சரிதான்!" என்று குட்டிகள் முந்திக்கொண்டு ஓடின.

"நிலம் சுடுதே, என் வயிறு பொறுக்கல!" என்றது ஆமை. "இதுதான் வழின்னு நல்லாத் தெரியுமா?"

சிங்காரன் ஓடும் குட்டிகளைப் பார்த்தது. கொதிக்கும் பள்ளத்தையும் பார்த்தது. கல்லையே உருக்கும் இந்த மலைக்கு முன்னால் தன் பெருமை எம்மாத்திரம்!

"நில்லுங்க! எனக்கு வழி தெரியாது!" என்று அலறியது.

குட்டிகள் சட்டென்று நின்றன. அவற்றின் கால்பட்ட ஒரு கல் மட்டும் உருண்டு போனது. நாலடி தள்ளிக் கரும்பாறை அப்பளம் போல உடைந்து அதை விழுங்கியது. உள்ளே செக்கச்செவேலென்று நெருப்பு!

முள்ளம்பன்றி பாய்ந்து போய்க் குட்டிகளை இழுத்து வந்தது. பிறகு சிங்காரன் பக்கம் திரும்பியது.

"இதை அடிவாரத்துலயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"என் தப்புதான்" என்றது சிங்காரன்.

முள்ளம்பன்றி மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது. "இடது பக்கத்துல ஈரக்காத்து வருது!"

"அப்போ நான் முன்னாடி தவழ்ந்து பார்க்கிறேன். நான் போற தடத்துலயே வாங்க" என்றது ஆமை.

மலை உறுமிக்கொண்டே இருந்தது. ஆமையின் வயிறு சுடாத இடமாகப் பார்த்து எல்லோரும் கால் வைத்தார்கள். சிங்காரன் கடைசியாக நடந்தது. நல்லவேளையாக அந்தப் பக்கத்து இறக்கம் குறுகியது; பொழுது சாயும் நேரத்தில் ஏரி பளபளத்தது. குட்டிகள் மூச்சு விடாமல் தண்ணீர் குடித்தன.

"அண்ணே, நீங்க மலையைத் தாண்டின கதையைச் சொல்லுங்க!" என்றது ஒரு குட்டி.

சிங்காரன் திரும்பிப் பார்த்தது. மலை தன் பாட்டுக்குப் புகைந்துகொண்டிருந்தது.

"எனக்கு வழி தெரியல..." என்று கதையைத் தொடங்கியது சிங்காரன்.

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்பவரே நம்பி வந்தவர்களைக் கரை சேர்ப்பார்.