சங்குக்குப் பதில்

"அம்மையே, முந்நூறு கப்பல் உள்ள நாடு, மூன்று தோணி உள்ள தீவின் சங்குக்குப் பதில் ஊத வேண்டுமா?"

கேட்டவர் பேரரசின் கடற்படைத் தலைவர் காரி. அவருடைய குரு பூதி அம்மையார் கஞ்சி ஆறக் காத்திருந்தார்.

அந்தக் கடலில் ஒரு முறை உண்டு. மூடுபனியில் ஒருவர் சங்கு ஊதினால், கேட்டவர் பதில் ஊத வேண்டும். பகைவராக இருந்தாலும். அதை யார் வகுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"அரசர் என்ன சொல்கிறார்?"

"நாளை முதல் நாம் ஊதக் கூடாது. தீவுத் தோணிகள் ஊதும். சத்தத்தை வைத்தே நெருங்கிப் பிடித்துவிடலாம். கட்டளை ஓலை என் மடியில் இருக்கிறது."

"அப்படியா! முதலில் என்னை அக்கரையில் விட்டுவிடு. பிறகு போய்ப் பிடி."

சிறு தோணிதான். காரியே துடுப்புப் போட்டார்.

பாதி வழியில் பனி இறங்கியது.

கரை மறைந்தது. பிறகு துடுப்பின் நுனியும் மறைந்தது. எங்கும் வெண்மை. உறக்கத்துக்குள் போவதுபோல் தோணி போயிற்று.

எங்கோ அலை பாறையில் உடைந்தது.

இடப்பக்கமா, வலப்பக்கமா?

மறுபடியும் உடைந்தது. இன்னும் அருகில்.

காரி சங்கை எடுத்து ஊதினார்.

"இது யார் கட்டளை?" என்றார் பூதி.

காரி மறுபடி ஊதினார்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு வெண்மைக்குள்ளிருந்து ஒரு சங்கு பதில் சொன்னது.

அந்தக் குரலை நோக்கித் தோணியைத் திருப்பினார் காரி. பாறையின் இரைச்சல் பின்னால் தங்கிவிட்டது.

பனி விலகி ஒரு தீவுத் தோணி தெரிந்தது. அதிலிருந்தவர் காரியின் முத்திரை மோதிரத்தைப் பார்த்தார்.

"அட, பேரரசுக்காரரா! நீங்கள் இனி ஊதமாட்டீர்கள் என்றல்லவா சந்தையில் பேச்சு?"

"தெரிந்துமா பதில் ஊதினாய்?"

"பனியில் சங்குக்கு ஏது முகம், ஐயா? என் மச்சானாக இருந்தால்?"

"நாளைக்கும் ஊதுவாயா?"

தீவுக்காரர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"நீங்கள் ஊதுவீர்களா?"

அவருடைய தோணி மறுபடி பனிக்குள் போய்விட்டது.

காரி அக்கரைக்குப் போகவில்லை. தோணியை வந்த வழியே திருப்பினார்.

"அரசரிடம் என்ன சொல்வாய்?" என்றார் பூதி.

"நாளைக்கும் பனி இறங்கும் என்பேன்."