வயித்துப் பிள்ளைக்கு வளையல்

ஒரு ஊர்ல பூங்காவனம்னு ஒருத்தி இருந்தா. ம் சொல்லு, அப்போதான் கதை நகரும். ம்... அவளுக்கு ரெண்டு தடவை பிள்ளை வயித்துல தங்கல. மூணாவது தங்கி ஏழு மாசம் ஆச்சு. மறுநாள் வளைகாப்பு. அதனால எதைப் பாத்தாலும் அவளுக்குச் சந்தேகம். சோத்தைக் கிளறிப் பாப்பா, தண்ணியை மோந்து பாப்பா, தும்மினவங்களை மொறைச்சுப் பாப்பா.

அவ புருஷனோட அண்ணன் பொண்டாட்டி செங்கமலம். அவளுக்குப் பிள்ளை இல்ல. நாலு நாளா கொல்லையில அம்மிச் சத்தம், கரக் கரக்னு. பூங்காவனம் எட்டிப் பாத்தா, செங்கமலம் சட்டுனு முந்தானையை இழுத்து மூடிக்குவா. மனசு அடிச்சுக்குமா அடிச்சுக்காதா, நீயே சொல்லு.

அப்புறம் செங்கமலம் ஒரு கிண்ணம் மருதாணியோட வந்தா. "வயித்தைக் காட்டு புள்ள. நாளைக்கு உனக்கு வளையல் போடுவாங்க. உள்ள இருக்கிறதுக்கு யாரு போடுவா? நான் வரையறேன்."

பூங்காவனத்துக்குப் பக்குன்னுச்சு. எந்த ஊர்ல வயித்துல மருதாணி போடுறாங்க?

"இதுல என்னக்கா அரைச்ச?"

"இலையும் கொட்டைப்பாக்கும் தான்."

அப்போ பூங்காவனம் ஒரு உருண்டையைக் கோழிக்குப் போட்டா. கொக் கொக்னு கொத்திட்டு அது பாட்டுக்கு மேயப் போயிருச்சு. நம்பல. அப்புறம் ஆட்டுக்கு நீட்டினா. நக்கிட்டு, மே...ன்னு இன்னும் கேட்டுச்சு. அப்பவும் நம்பல. ம்? தூங்கிட்டியா?

மூணாவதா வாய்விட்டே சொல்லிட்டா. "மொதல்ல உன் வயித்துல போட்டுக் காட்டுக்கா."

பிள்ளை இல்லாதவகிட்ட சொல்ற பேச்சா அது? செங்கமலம் கிண்ணத்தைக் கீழ வெச்சா. அப்புறம் முந்தானையை விலக்கினா. வயித்தைச் சுத்தி செவசெவன்னு வளையல் வளையலா இருந்துச்சு.

"நாலு நாளா போட்டுப் பாத்துட்டுத்தான் வந்தேன். அரிக்குதா, தடிக்குதான்னு. யாராச்சும் பாத்தா சிரிப்பாங்கன்னு மறைச்சேன்."

பூங்காவனத்துக்கு வெக்கமாப் போச்சு. அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. பாயில சாஞ்சு படுத்து, "போடுக்கா"ன்னா.

செங்கமலம் விரலால மெல்ல மெல்ல வரைஞ்சா. அப்போ உள்ள இருந்து டொக்குனு ஒரு உதை! விரல் சறுக்கி வளையல் கோணிக்கிச்சு. அவ பதறிப்போய்த் துடைக்கப் போனா. பூங்காவனம் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"துடைக்காதக்கா. பெரியம்மா போடுறது நெசமா வளையல்தானான்னு தட்டிப் பாக்குது. என் பிள்ளையாச்சே, சந்தேகம் இல்லாம இருக்குமா?"

தன்னைப் பெரியம்மான்னு சொல்லிச் செங்கமலம் அன்னைக்குத்தான் மொதமொத கேட்டா. அவ்வளவுதான் கதை. போர்வையை இழுத்துக்கோ, கண்ணை மூடு.