எழுந்து நின்ற மண்டபம்

மாசிலாமணி கார் ஓட்டிப் பிழைப்பவன். அவனுடைய முதலாளி தணிகாசலம் ஒரு காலத்தில் அமைச்சராக இருந்தவர். தேர்தலில் தோற்றதும் சொந்தக் கட்சித் தலைவரைத் திட்டினார். அதுவரை மேடைக்கு மேடை ஏசிவந்த எதிர்க்கட்சியைப் புகழ்ந்தார். இரண்டு பக்கமும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஒரு கல்யாணத்துக்குப் போனார். அவரைப் பார்த்து யாரும் எழவில்லை. அந்தக் கோபம் மாசிலாமணி மேல் திரும்பியது.

"நான் உள்ளே போனா மண்டபமே எழுந்து நிக்கணும். உன்னால ஏற்பாடு பண்ண முடியலைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

மாசிலாமணிக்குப் படிக்கிற பிள்ளைகள் இருந்தார்கள். "செஞ்சிடலாம்யா" என்றான்.

மறுநாள் ஒரு பள்ளி ஆண்டுவிழாவுக்கு அவரைக் கூட்டிப்போனான். வாசலில் காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். உள்ளே வாழ்த்துப் பாடல் தொடங்கியதும் கதவைத் திறந்து, "இப்போ போங்கய்யா" என்றான்.

தணிகாசலம் நுழைந்தபோது அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். பாட்டு அவர் காதில் ஏறவேயில்லை. கண் கலங்க, கைகூப்பியபடி நடுவில் நடந்தார். பாட்டு முடிந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவருக்கு நாற்காலி இல்லை.

"மேடை மறைக்குதுங்க, கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்றார் பின்னாலிருந்த ஒருவர்.

அவர் திரும்பி வந்து காரில் ஏறினார். "பாட்டுக்குத்தானே எழுந்தாங்க?"

"ஆமாங்கய்யா. உங்களுக்காக எழுப்ப என்னால முடியாது. இனி யாராலயும் முடியாது."

வீடு வந்தது. இறங்கும்போது, அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நாளைக்கு எங்கேயாவது விழா இருக்கா, மாசிலாமணி?"