வேலிக்குள் நாற்பது நட்சத்திரங்கள்

இது நான் நேரில் கண்டதல்ல. மலைமேல் இருந்த ஒரு வானாய்வகத்தில் கணினிகளைப் பராமரித்தவர் என் நண்பனிடம் சொல்லி, அவன் என்னிடம் சொன்னது. இரண்டு வாய் மாறி வந்திருப்பதால் பேச்சில் ஒன்றிரண்டு சொல் முன்பின்னாக இருக்கலாம்.

"மேடம், நான் அளந்தது சரிதானான்னு யார்கிட்டக் கேக்குறது?"

ஆராய்ச்சி மாணவன் பேச்சியப்பன் அறை வாசலிலேயே நின்று கேட்டான்.

பேராசிரியர் சகாயமேரி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"நட்சத்திரத்தைக் கேளு."

"விளையாடாதீங்க மேடம். வெள்ளிக்கிழமைக்குள்ள தெரிஞ்சாகணும்."

எண்பதாயிரம் நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று அவன் எழுதிய கணினி நிரல் கணக்கிட்டிருந்தது. வெள்ளிக்கிழமை அந்தப் பட்டியல் வெளியே போகிறது. பிழை நூற்றுக்கு மூன்றுதான் என்று வேலை விண்ணப்பத்தில் எழுதியிருந்தான். அந்த மூன்றைப் பார்த்துத்தான் ஜெர்மனியிலிருந்து வேலை தருவதாகக் கடிதம் வந்தது. அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

"மூணுன்னு எப்படிக் கண்டுபிடிச்ச?"

"ஒரே நட்சத்திரத்தைப் பத்துத் தடவை அளந்தேன் மேடம். பத்துத் தடவையும் கிட்டத்தட்ட ஒரே விடை."

"பத்துத் தடவையும் ஒரே பொய்யைச் சொல்லியிருந்தா?"



அவர் கையைத் தட்டிவிட்டு, மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். எண்கள் மட்டும் வரிசையாக இருந்தன.

"நாப்பது நட்சத்திரம். எல்லாம் ஒரே கூட்டம். ஒரே மேகத்துல ஒண்ணாப் பொறந்தது. இரும்பு எல்லாத்துலயும் ஒரே அளவு இருக்கணும். அளந்துட்டு வா."

"ஒரே அளவு வரலேன்னா?"

"வராததுதான் உன் பிழை."

அன்று திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் நாற்பதையும் அளந்துவிட்டான். கூடப் பிறந்தவை என்று ஒன்றைப் பார்த்தும் சொல்ல முடியவில்லை. வெப்பம் குறைந்த நட்சத்திரங்களில் இரும்பு குறைவாக வந்தது, சூடானவற்றில் கூடுதலாக. மூன்று அல்ல, முப்பதுக்குப் பக்கத்தில் நின்றது வித்தியாசம்.

திரையை மூடிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தான். அறையில் யாரும் இல்லை.

அப்புறம் அவன் செய்த காரியம் இதுதான்.

அவனுடைய நிரல் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு தொடக்க எண்ணிலிருந்து விடையைத் தேடும். அந்தத் தொடக்க எண்ணை, நாற்பதின் சராசரி எதுவோ அதுவாகவே வைத்தான். அதைத் தாண்டித் தேடாதபடி இரண்டு பக்கமும் வேலி போட்டான். இது ஏமாற்று என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஒன்றாகப் பிறந்தவை என்றுதான் மேடமே சொல்லிவிட்டாரே. தெரிந்ததை நிரலுக்குச் சொல்வதில் என்ன தப்பு?

ஆனாலும் பொத்தானை அழுத்துமுன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

புதன்கிழமை காலை தாளோடு ஓடினான். இந்த முறை உள்ளேயே போய்விட்டான்.

"எல்லாம் ஒண்ணா வந்திருச்சு மேடம்."

அவர் தாளை வாங்கி, மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினார். அவசரமே படவில்லை.

"நாப்பதுமா?"

"நாப்பதும்."

"அட! ஒண்ணுகூட முறுக்கிக்கலையா?"

"இல்ல மேடம்."

அவர் பென்சிலால் மூன்று எண்களைச் சுற்றி வட்டம் போட்டார்.

"இந்த மூணும் அந்தக் கூட்டமே இல்லப்பா. அதே திசையில, நமக்குக் கிட்டக்க நிக்கிற வேற ஆளுங்க. நான்தான் ஊடால சேத்தேன். இதோ, கூட்டத்துக்கு இருக்குற இரும்புல பாதிகூட இதுல கிடையாது."

பேச்சியப்பன் தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தான்.

"நீங்கதானே மேடம் ஒரே கூட்டம்னு சொன்னீங்க!"

"நான் சொன்னேன். நட்சத்திரம் சொல்லுச்சா?"



"வேலியை எடுத்தா..." என்று தொடங்கினான். வேலியைப் பற்றி அவரிடம் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தொடக்க எண்ணையும் வேலியையும் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னான்.

"வேலியை எடுத்தா மூணு முப்பதாயிடும் மேடம்."

"ஆகட்டும்."

"ஜெர்மனிக்காரங்க பாப்பாங்களே."

"பாப்பாங்க."

"அம்மாகிட்ட நான் என்ன சொல்றது?"

"அது எனக்குத் தெரியாதுப்பா."

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் திரும்பினார்.

அவன் தன் அறைக்குப் போனான். வேலியை எடுத்தான். வட்டம் போட்ட மூன்றும் முதல் ஓட்டத்திலேயே கூட்டத்தை விட்டுத் தனியாக விலகி நின்றன. மீதி முப்பத்தேழும் சிதறிக் கிடந்தன. அந்தச் சிதறலைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை அளந்தான். ஒருமுறை போதாமல் மறுமுறையும் அளந்தான். பிறகு, பட்டியலின் முதல் பக்கத்தில் பிழை அளவு எழுதும் கட்டத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

ஜெர்மனி வேலை என்ன ஆயிற்று என்று என் நண்பனுக்குத் தெரியவில்லை.

பட்டியல் யாரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கிறது. தேடிப் போய்த் திறந்து பார்த்தேன். சொன்னபடி வெள்ளிக்கிழமையே வெளியாகியிருக்கிறது. பிழை: நூற்றுக்கு இருபத்தெட்டு.